ஒரு சாண் தண்ணீரில் ஓடிய படகு

“...அதுக்கில்லீங்க அம்மணி, இதுக்கு அடியில இத்தனை தொந்தி எதுக்குங்க? தண்ணி ஒரு முழம் எறங்குச்சுன்னா இது அப்படியே குத்த வெச்சு உக்காந்துக்கும், அப்பறம் ஏறுன ஒறம்பரை சனமெல்லாம் எறங்கித் தள்ளோணும்” என்று சித்தப்பா, மிதிபடகுக்கு டிக்கெட் கிழிக்கும் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதே நேரம் குளக்கரைப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் சின்ன எஞ்சின் ஒன்றை யாரோ கயிறு இழுத்துக் கிளப்ப, எரிந்தும் எரியாமலும் வந்த அந்த எண்ணெய்ப் புகை என் மூக்கில் ஏறியது. ஏறிய மாத்திரத்தில் எனக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது; கையில் இரும்புக் கைப்பிடி அதிர்ந்தது, முதுகில் சுரைப்புருடை உறுத்தியது.

சாலமன் சித்தப்பா என் அப்பாவின் தம்பி. எழுபத்து மூன்று வயதில் மும்பையிலிருந்து பத்து நாளைக்கென்று வந்தவர், மூன்றாம் நாளிலிருந்தே, திரும்பிப் போகும் ரயில் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அது இருக்கிறதா என்று மணிக்கு ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கும் கொல்லைப்புறப் பொடக்காலிக்குமாக அவர் நடந்த நடையில் என் வீட்டுப் பூனையே பயந்து பரண்மேல் ஏறிக்கொண்டது. சரி, குளத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான்தான் அழைத்துவந்தேன். இந்த இருப்புக்கொள்ளாமை இன்று நேற்று வந்ததில்லை. “அவன் உக்காந்து நான் பாத்தது சர்ச்சுல மட்டுந்தான், அங்கயும் பாட்டுக்கு எந்திரிக்கச் சொன்னா மொதல்ல எந்திரிக்கறவன் அவன்தான்” என்பார் அப்பா. அம்மாவுக்கு அவ்வளவு நீளம் பிடிக்காது. “கொழுந்தனாருக்குக் கால்ல எறும்பு” என்று முடித்துவிடுவார்.

எங்கள் ஊர் சூலூருக்கும் சோமனூருக்கும் நடுவில் இருக்கிறது. அப்போது வீதிக்கு நாலு தறிக்கூடம். விசைத்தறிகள் இரவு பகல் பார்க்காமல் ‘டடக் டடக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும். அம்மா ஒரு தறிக்கூடத்தில் ‘தார்’ சுற்றினார், தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூலைக் குச்சியில் சுற்றித் தருகிற வேலை. அப்பா பம்பு வார்க்கும் பவுண்டரியில் மண் அச்சு கட்டினார். எங்கள் ஊர்க்காரர் இருவர் வெளியூர் பஸ்ஸில் பேசிக்கொண்டு போனால் கண்டக்டர் வந்து சண்டையை விலக்குவார்; அவர்கள் ஒருவருக்கொருவர் பிள்ளைகுட்டிகளின் நலம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தறிச் சத்தத்தின்மேல் ஏறிப் பேசிப் பழகிய தொண்டைகள், தறிச் சத்தத்துக்கு மூடிக்கொண்ட காதுகள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த வருடம் புரட்டாசியில் பிடித்த மழை ஐப்பசி பாதிவரை விடாமல் அடித்து, நொய்யல் பெருகி, வருடக்கணக்காக மாடு மேய்ந்த குளத்தில் தண்ணீர் வந்து நின்றது. தண்ணீர் வந்த பதினைந்தாம் நாள் வாத்துகள் வந்தன. ஊரில் அவற்றைச் ‘சிறவி’ என்றார்கள். ஆழமான கிழக்குப் பக்கத்தை அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேற்கு மூலையில், கருவேல மரங்கள் முழங்கால் நனைய நிற்கும் அந்தச் சேற்றுப் பகுதியில்தான் ஆயிரக்கணக்கில் இறங்கி, தலையைக் கவிழ்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. அந்நாளில் வாத்து சுடுவதற்கு லைசென்ஸ் என்று ஒன்று கொடுத்தார்கள். இன்றைக்கு அதெல்லாம் குற்றம், குற்றமாக இருப்பதே நியாயம். ஆனால் அன்று எங்கள் ஊரில் அந்த லைசென்சும் துப்பாக்கியும் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான், பெரிய தோட்டத்துச் சின்னவர்.

சின்னவர் என்றால் வயதில் சின்னவரில்லை, நாற்பதைத் தாண்டிய ஆள். அவருடைய அப்பா பெரியவராக இருந்ததால் இவர் சின்னவர். தென்னந்தோப்பும், இருபத்துநாலு தறியும், ஒரு ஜீப்பும் அவர்களுடையவை. என் தாத்தா அந்தத் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்து அங்கேயே செத்துப்போனவர். அவர் அந்த வீட்டாரைப் ‘பண்ணாடி’ என்றுதான் கூப்பிட்டார், வாசற்படிக்குக் கீழே நின்றுதான் பேசினார். அப்பா ஒரு படி ஏறிச் ‘சின்னவருங்க’ என்றார். சித்தப்பா மட்டும் ‘சார்’ என்பார். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் சின்னவர் ஒரு கணம் யாரையோ கூப்பிடுகிறான் போலிருக்கிறது என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

சின்னவர் கொச்சியில் ஏலத்தில் ஒரு சின்ன மோட்டார் படகை எடுத்து, பாலக்காட்டு வழியாக லாரியில் ஏற்றிக்கொண்டுவந்தார். ஆழத் தண்ணீருக்காகச் செய்த படகு. அடிவயிறு கூராக இறங்கும், பின்னால் தொங்கும் மோட்டாரின் காற்றாடி அதற்கும் கீழே இரண்டடி கேட்கும். ஊரே கரையில் நிற்க, அவர் முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, துப்பாக்கியோடு புறப்பட்டார். குளத்தின் நடுவரைக்கும் படகு ராஜநடையாகப் போனது. மேற்கு மூலைச் சேற்றைத் தொட்டதும் காற்றாடி ஆகாயத்தாமரை வேரைச் சுருட்டிக்கொண்டது, மோட்டார் ஒரு தரம் இருமிவிட்டு அணைந்தது. சின்னவர் துப்பாக்கியைத் தலைக்குமேல் பிடித்தபடி இடுப்பளவு சேற்றில் நடந்தே கரைக்கு வந்தார். வந்துசேர்ந்தபோது ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது. கரையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஜீப் கிளம்பிப் போய்ப் புழுதி அடங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் ஒரு வாரம் சிரித்தார்கள். “அந்த இன்னொரு பூட்ஸுக்குள்ள இன்னேரம் சிறவி குடித்தனம் வெச்சிருக்கும்” என்றாள் அம்மாவோடு தார் சுற்றும் ராசாத்தியக்கா.

சிரிக்காத ஒரே ஆள் சித்தப்பா. அவர் அப்போதுதான் நாலாவது வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். வேலை தெரியாமல் இல்லை, தெரிந்துகொண்டதும் அலுத்துவிடும், அதுதான் அவருடைய சீக்கு. பம்பாயில் கப்பல் ரிப்பேர் செய்யும் இடத்திலிருந்து ஒரு கூட்டாளி, தை முடிவதற்குள் வந்துவிடச் சொல்லி எழுதிய கடிதம் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அன்றைக்கும் அப்படித்தான் அதைத் தடவித் தடவிப் பார்ப்பார். ஊர் சிரித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில் அவர் கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு மேற்கு மூலையில் இறங்கி, அங்குலம் அங்குலமாகக் காலால் தடவிப் பார்த்துவிட்டு வந்து, நேரே சின்னவரின் தோட்டத்து வீடான சாளைக்குப் போய், “சார், உங்க படகு மேல தப்பில்லீங்க. அதுக்குக் கொளத்துக்குத் தக்கன கால் இல்லீங்க, நான் செஞ்சு தாரேன்” என்றார். சின்னவர், சோமனூர் ரோட்டில் எஞ்சின் ரிப்பேருக்கென்று ஒரு பட்டறை கட்டிக்கொண்டிருந்த நேரம். “ஓட்டிக் காட்டு, சாலமா. அந்தப் பட்டறைக்கே உன்னைய மேஸ்திரியாப் போட்டர்றேன்” என்றார்.

சித்தப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. “படகு ஓடுச்சுன்னா இங்கயே இருந்துக்கறேனுங்க அண்ணி. ஓடலைன்னா பம்பாய். ரெண்டுல ஒண்ணு.”

அன்றிலிருந்து அந்தப் படகு ஓட வேண்டும் என்பதே என் ஜெபம். அப்பா பவுண்டரிச் சூட்டிலிருந்து வந்து விழுந்தால் தூங்குவார், அம்மா தறிக்கூடத்திலிருந்து வந்தால் அடுப்படியில் நிற்பார், அந்த வீட்டில் என்னைப் பார்த்து, “நீ என்ன சொல்றே, கண்ணு?” என்று கேட்கிற ஒரே மனிதர் அவர்தான். சும்மா கேட்கிறதில்லை, கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பார். நிற்கவே தெரியாத மனிதர் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நிற்பார். அவர் போய்விட்டால் என்னிடம் கேட்க ஆளில்லை. அவ்வளவுதான் என் கணக்கு.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் சம்பந்தப்பட்ட எந்தத் தொல்லைக்கும் ஒரே மருந்துதான், பம்பு. கிணறு வற்றினாலும் பம்பு, வயல் மூழ்கினாலும் பம்பு. ஆகவே சித்தப்பா கொச்சி மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் தோட்டத்துப் பம்புசெட் ஒன்றைப் படகுக்குள் ஏற்றினார். படகின் அடியில் ஓட்டை போட்டு உறிஞ்சுகிற குழாய், பின்பக்கம் பீச்சுகிற குழாய். “முன்னால தண்ணியக் குடிச்சுப் பின்னால துப்பும், துப்புற வேகத்துல முன்னால போகும். காத்தாடியே வேண்டாம், அப்பறம் சேத்துல மாட்டறதுக்கு என்ன இருக்குது?” என்றார். கேட்டவர்கள் எல்லோரும், இது ஏன் கப்பல் செய்கிறவனுக்குத் தோன்றவில்லை என்று வியந்தார்கள்.

கிறிஸ்துமசுக்கு முந்தைய ஞாயிறு வெள்ளோட்டம். படகு நிஜமாகவே நகர்ந்தது. கல்யாண ஊர்வலத்தின் வேகத்தில் நகர்ந்து, கரையில் கைதட்டு விழுந்து அடங்குவதற்குள், அது தண்ணீரோடு சேற்றையும் குடித்தது, தாமரைத் தண்டையும் குடித்தது, குடித்ததையெல்லாம் ஒரே மூச்சில் துப்பப் பார்த்தது. பின்பக்கக் குழாயின் மூட்டுக் கழன்று மேலே எழும்பியது. கரையில் வெள்ளை வேட்டியில் நின்ற சின்னவருக்குத் தலையிலிருந்து கால்வரை கறுப்புச் சேறு. அவர் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு கேட்டார், “சாலமா, இது படகா, நாத்து நடறதுக்குச் சேறடிக்கிற மிசினா?” சித்தப்பா கொஞ்சமும் கலங்கவில்லை. “படகு போச்சுங்களா இல்லீங்களா சார்? அத மொதல்லச் சொல்லுங்க” என்றார். சின்னவர் அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். சிறவிகள் அன்று முழுதும் திரும்பி வரவில்லை. கரையில் அத்தனை கூட்டம் கூடினால் எப்படி இருக்கும் என்று எல்லோரும் கூட்டத்தைத் திட்டினார்கள், கூட்டத்தில் நின்றவர்களும் திட்டினார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது தண்ணீரோடு பந்தயம். மதகை ஒட்டி இறங்கும் கல்படிகளில், கிறிஸ்துமசன்று ஏழாம் படி நனைந்திருந்தது. புத்தாண்டுக்கு எட்டாம் படி. பொங்கலுக்குப் பத்தாம் படி வெளியே வந்து பாசி காய்ந்து நின்றது. சித்தப்பா காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் அந்தப் படியைப் போய்ப் பார்ப்பார். இரண்டடித் தண்ணீரில் ஓடுகிற மாதிரி ஒன்று செய்து முடித்தால், குளத்தில் ஒன்றரை அடிதான் இருக்கும். ஒன்றரை அடிக்கு மாற்றினால் ஓரடி. “எல்லாரும் சேந்து இந்தக் கொளத்த என்னைய ஏமாத்தச் சொல்லித் தாட்டி உட்டிருக்கறீங்க” என்று யாரையோ திட்டிக்கொண்டே கையில் ஸ்பானரோடு வருவார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து, வட்டலில் கை கழுவி, அந்த ஈரக் கையாலேயே தரையில் படம் போடுவார். எனக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையில் ஏதோ எழுதும்போது, என் மனசு மதகில் படி எண்ணிக்கொண்டிருக்கும்.

அடி ஓட்டையை அடைத்துவிட்டு, அதே படகுக்கு இரண்டாவது அவதாரம் இப்படி வந்தது. எஞ்சினைப் படகின் பின்விளிம்பில் ஓர் அச்சின்மேல் கிணற்று ஏற்றம் போல உட்கார வைத்து, அதிலிருந்து பத்தடி நீளத்துக்கு ஒரு பைப்பைப் பின்னால் நீட்டி, பைப்புக்குள் ஒரு கம்பி சுழல, கம்பியின் நுனியில் கையகலக் காற்றாடி. ஆழம் போகவே போகாது; தண்ணீரின் மேல்தோலில் படுத்துக்கொண்டு தள்ளும். சேறு வந்தால் கைப்பிடியை அழுத்தினால் போதும், வால் தானாக மேலே எழும்பும். காற்றாடியை லாரியின் வில்பட்டையிலிருந்து வெட்டி, நாலு நாள் அரம் போட்டுத் தேய்த்தார், கல்லில் பட்டாலும் மடங்கக் கூடாதென்று. எல்லாம் சரி, படகின் அடிவயிறுதான் இன்னும் தரையைத் தட்டியது. தரையில் போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டே, “நீ என்ன சொல்றே, கண்ணு?” என்றார்.

கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகளுக்கு முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டிவிடுவார்கள், முங்காமல் மிதக்க. “படகுக்கும் ரெண்டு பக்கமும் புருடை கட்டியுட்டா என்னுங்க சித்தப்பா?” என்றேன்.

அவர் எழுந்து நின்று என் தலையைப் பிடித்து ஆட்டினார். அன்று சாயங்காலமே ஊரில் இருந்த காலி மண்ணெண்ணெய் டின்களையெல்லாம் சேகரித்து, வாயை ஈயம் வைத்து அடைத்து, படகின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டினோம். படகு ஒரு சாண் மேலே ஏறி நின்றது. ஆனாலும் சித்தப்பாவுக்குத் திருப்தியில்லை. இன்னும் எடை குறைய வேண்டும். உள்ளே இருந்த பலகை இருக்கையைக் கழற்றினார், நங்கூரத்தைக் கழற்றினார், எஞ்சினிலிருந்து சைலன்சரையும் கழற்றினார். “சும்மா தொங்கிட்டு இருக்குது, ஒண்ணரைக் கிலோ” என்று அதைத் தூக்கிப் பொடக்காலியில் எறிந்தார். சுற்றி நின்ற எட்டுப் பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம்.

பிறகு ஆட்களின் எடை. சின்னவரின் கிடங்கில் நூல் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. சின்னவர் முன்னால் துப்பாக்கியோடு உட்கார்ந்தே ஆக வேண்டும். அவர் எண்பத்தேழு கிலோ. ஓட்டுகிறவர் பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். சித்தப்பா தானே தராசில் ஏறிப் பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினார். இரண்டு மாதமாக அவர் இழைத்து இழைத்துச் செய்த படகில் அவருக்கு இடமில்லை. அடுத்து ஊரில் ஒல்லியாக இருந்த ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியில் என்னை ஏற்றினார்கள். இருபத்தேழு கிலோ. “பொட்டப்புள்ளயக் கொண்டுபோய்த் துப்பாக்கிக்குப் பொறகால உக்கார வெக்கறீங்களா?” என்று அம்மா தறிக்கூடத்திலிருந்து ஓடிவந்தார். “அண்ணி, துப்பாக்கி முன்னாலதானுங்க சுடும்” என்றார் சித்தப்பா. அரைநாள் வாதாடி, நான் முதுகில் சுரைப்புருடை கட்டிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. முழங்கால்கூட நனையாத தண்ணீரில் முங்காமல் இருக்கப் புருடை.

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் நாலு நாள் பழகினேன். கயிறு இழுப்பது, ஆக்சிலேட்டர் கம்பியைத் திருப்புவது, கைப்பிடியை அழுத்துவது. தை மாதத்தின் கடைசி வாரம். பம்பாய்க்காரர் கொடுத்த கெடுவும் அதுதான். மதகில் பதினோராம் படி. மேற்கு மூலையில் ஒரு சாண் தண்ணீர்.

அன்று விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் புறப்பட்டோம். கூட்டம் கூடினால் சிறவி போய்விடும் என்பதால் சின்னவர் ஆள் வைத்துக் கரைக்கு யாரையும் விடவில்லை. படகுக்குப் பச்சைச் சாயம் அடித்து, சுற்றிலும் கோரைப்புல் செருகியிருந்தது. சின்னவர் பீடிகூடப் பற்றவைக்கவில்லை, வாடைக்கு எழுந்துவிடும் என்று. என்னைக் கரும்பச்சைப் பாவாடை உடுத்தச் சொல்லியிருந்தார்கள். சித்தப்பா கரையில் குந்திக்கொண்டு, உதட்டில் விரலை வைத்து, “சத்தம் போடாமப் போங்க” என்று சைகை காட்டினார். மூலையில் சிறவிகள் கறுப்பும் பழுப்புமாக, தண்ணீரே தெரியாமல் நிறைந்திருந்தன.

நான் கயிற்றை இழுத்தேன்.

சைலன்சர் இல்லாத பம்புசெட் எஞ்சின் அந்த அமைதியில் எப்படி வெடித்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்குத்தான் யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஆழத்தை அளந்தோம், எடையை அளந்தோம், வாடையை யோசித்தோம், பாவாடையின் நிறத்தை யோசித்தோம். இரண்டு மாதமாக அதைச் சுற்றிக் கத்திக் கத்திப் பேசிய எங்கள் ஊர்க்காரர் ஒருவர் காதிலும் அது சத்தமாக விழவேயில்லை. ஆயிரம் சிறகும் ஒன்றாக எழுந்தபோது காற்று கிழிந்த மாதிரி இருந்தது. எங்கள் தலைக்குமேல் இரண்டு தரம் சுற்றி, வெயிலை மறைத்துவிட்டு, அவை கிழக்கே போய்ப் பொட்டாகி மறைந்தன. சின்னவர் துப்பாக்கியைத் தூக்கவேயில்லை. வாயைத் திறந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு ஓடியது. அதை நான் நிறுத்தவில்லை, நிறுத்தத் தோன்றவில்லை. கொக்கின் கணுக்கால் நனையும் தண்ணீரில், சேற்றின்மேல் வழுக்கிக்கொண்டு, கருவேல மரங்களுக்கு இடையே வளைந்து, குளத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, சித்தப்பா நின்ற இடத்தில் கொண்டுவந்து அணைத்தேன். ஒரு தட்டல் இல்லை, ஓர் உரசல் இல்லை. ஆனால் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆக்சிலேட்டரை மெதுவாகத் திருப்பியிருந்தால் சிறவி போயிருக்காது, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன், நான்தான் கெடுத்துவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

சின்னவர் கோபப்படவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். “வாத்துக் கெடக்குது, உடு. இந்த மாதிரி ஓட்டம் நான் பாத்ததில்ல. நாளைக்கே பட்டறைக்கு வந்துரு, சாலமா” என்று சித்தப்பாவின் தோளில் தட்டினார். தட்டிவிட்டு, நிஜமான பிரியத்தோடு, “உங்கப்பன் எங்க தோட்டத்துல இருந்தான் பாரு, அந்த மாதிரி நீயும் கடைசி மட்டும் நம்மகூடவே இருந்துக்க” என்றார்.

நான் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்த முகமாக இல்லை. அவர் கையைத் துணியில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். “ரோசனை பண்ணிச் சொல்றேனுங்க சார்” என்றார். அப்புறம் எஞ்சினின் பிளக்கைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி மாட்டினார். மறுநாள் மத்தியான ரயிலில் பம்பாய்க்குப் போய்விட்டார். ஸ்டேஷனில் என் கன்னத்தைக் கிள்ளி, “படகு ஓடுச்சு, கண்ணு. நல்லா ஓடுச்சு” என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சிறவியைக் கலைத்துச் சித்தப்பாவை ஊரைவிட்டுத் துரத்தியவள் நான் என்ற எண்ணம் என்னோடு வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அறுபதை எட்டும் வயதுவரை வந்துவிட்டது. இடையில் எத்தனையோ தரம் அவர் வந்தார், போனார். ஒரு தரமும் நான் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அந்தப் படகு தோட்டத்துக்கே திரும்பிப்போய் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியாகி, அப்புறம் விரிசல் விட்டு, அப்புறம் காணாமல் போனது. தறிகள் பாதிக்குமேல் எடைக்குப் போய்விட்டன. இப்போது எங்கள் ஊர்க்காரர்கள் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். குளத்தில் இன்றைக்குத் தண்ணீர் குறைவதேயில்லை. ஊர்ச் சாக்கடை முழுதும் அதில்தான் இறங்குகிறது, சித்திரையிலும் தளும்புகிறது; மதகுப் படி எது என்று காட்டக்கூட முடியாது, பதினோரு படியும் தண்ணீருக்குள். வெளியே தெரிவதெல்லாம் புதிதாகக் கட்டிய கம்பிவேலியும், நடைபாதையும், அன்னம் போலச் செய்த நாலு மிதிபடகுகளும்தான். சேற்று மூலை போன பிறகு சிறவிக்கு இங்கே என்ன வேலை? அவை வேண்டுவது ஒரு சாண் தண்ணீர். அது மட்டும் இங்கே இல்லை.

புகை கலைந்தது. சித்தப்பா இன்னும் அந்தப் பெண்ணிடம் படகின் தொந்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, நாற்பத்தேழு வருடம் சொல்லாததைக் கடகடவென்று சொல்லிவிட்டேன். “நான் அன்னிக்கு மெதுவா முறுக்கியிருந்தா வாத்துப் போயிருக்காதுங்க, நீங்களும் போயிருக்க மாட்டீங்க.”

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“வாத்துக்கா? அட, வாத்துக்காகவா நான் போனேன்னு நெனச்சிட்டு இருந்தே, இத்தனை வருசமா?” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “உங்கப்பன் மாதிரியே இருந்துக்கன்னு சொன்னாரே, கண்ணு. நல்ல மனசோடதான் சொன்னாரு. அதுதான் எனக்குத் தாங்கல. கெட்ட மனசோட சொல்லியிருந்தா நறுக்குன்னு ரெண்டு வார்த்தை கேட்டுப்போட்டு, இங்கயே இருந்திருப்பேன்.” சட்டைப் பையை ஒரு தரம் தடவிக்கொண்டார். “ஆனா நீ ஓட்டுனே பாரு ஓட்டம். அதச் சொல்லாத நாளில்ல அங்க. நம்பத்தான் ஒருத்தனும் இல்ல.”

டிக்கெட் கிழிக்கும் பெண் பொறுமை இழந்து, “ஏனுங்க பெரியவரே, வெளிய நின்னுட்டே கொறை சொன்னா எப்படிங்க, ஒருக்கா ஏறிப் பாத்துப்போட்டுத்தான் சொல்லுங்களேன்” என்றாள்.

சித்தப்பா அவளைப் பார்த்தார், படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்து, நனையாமல் இருக்கட்டும் என்று அவளுடைய மேசைமேல் வைத்து, அது பறக்காமலிருக்கத் தன் கண்ணாடியை அதன்மேல் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் இறங்கி, திசை திருப்பும் கைப்பிடி இருக்கும் இடத்தைக் காலியாக விட்டு, மறுபக்கம் உட்கார்ந்தார்.